புல் வெட்டும்போது கண்ணில் தெறித்த கல்: உங்கள் ஆட்கள் நிஜமாகவே கண்ணாடி போடுகிறார்களா?

மாத்தூர் தோட்டக்காரன்
9 ஜூன் 2025, இரவு 9:40

வணக்கம். வடசென்னையில் மணலி, மாதவரம் பக்கம் 8 ஆட்களை வைத்துத் தோட்டப் பராமரிப்பு எடுத்துச் செய்கிறேன். இரண்டு தொழிற்சாலை, மூன்று அடுக்ககம், ஒரு பள்ளிக்கூடம். 11 வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் பெரிய அடி எதுவும் இல்லை என்று எனக்குள் ஒரு தெனாவட்டு இருந்தது. போன வெள்ளிக்கிழமை அது போய்விட்டது.

தொழிற்சாலை மதிலோரம் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பையன் பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தான். எப்போதோ கட்டட வேலைக்குக் கொட்டிய ஜல்லி அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது, புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாது. டக்கென்று ஒரு சத்தம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் உட்கார்ந்துவிட்டான். இடது கண். கல் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இருக்காது. கண்ணாடி வைத்திருந்தான். ஆனால் நெற்றியில். வேர்வையில் மங்கிப்போச்சு என்று மேலே தூக்கிவிட்டிருக்கிறான்.

சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொருவர் பாட்டில் தண்ணீரை அடித்து ஊற்றப் போனார். தேய்க்காதே, தொடாதே என்று கத்தினேன். பேப்பர் டீ கப்பைக் கண்ணின் மேல் கவிழ்த்து, துண்டால் கட்டி, என் வண்டியிலேயே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கருவிழியில் கிழிசல். தையல் போட்டிருக்கிறார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று சில வாரம் கழித்துத்தான் தெரியுமாம். வயசு 26.

தொழிற்சாலையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிபிஇ கொடுத்தீங்களா?" கண்ணாடி, கையுறை மாதிரியான பாதுகாப்புச் சாதனம். கொடுத்தேன். கையெழுத்து வாங்கிய ரிஜிஸ்டர் இருக்கிறது. அதைத் திறந்து காட்டும்போது எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது.

உங்கள் இடத்தில் எப்படி? திட்டாமல் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

கொடுங்கையூர் கட்டர்
9 ஜூன், இரவு 10:25

அண்ணா, நான் மெஷின் ஓட்டுகிறவன். அந்தப் பையன் ஏன் கண்ணாடியைத் தூக்கினான் என்று என்னைக் கேளுங்கள்.

நீங்கள் வாங்கித் தருவது பக்கம் எல்லாம் அடைத்த பிளாஸ்டிக் கண்ணாடி. எண்ணூர்க் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போட்ட அஞ்சாவது நிமிஷம் உள்ளே ஆவி கட்டும். துடைக்க வேண்டுமென்றால் மெஷினை அணைக்கணும், பெல்ட்டைக் கழட்டணும், கையுறையைக் கழட்டணும், துணி தேடணும், மறுபடி கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். நாளைக்கு இருபது தடவை. எனக்குக் கூலி எத்தனை சென்ட் வெட்டினேன் என்ற கணக்கு. ஒவ்வொரு தடவை துடைப்பதும் என் காசு. பார்க்காமல் வெட்டினால் காலை வெட்டிக்கொள்வேன், அதனால் கண்ணாடியைத் தூக்குகிறேன். இதைத்தான் எல்லோரும் "அலட்சியம்" என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் பையனுக்கு நாள் கூலியா, சென்ட் கூலியா?

மாத்தூர் தோட்டக்காரன்
9 ஜூன், இரவு 10:41

சென்ட் கூலிதான்.

பச்சை ஹெல்மெட்
10 ஜூன், காலை 7:15

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். மேலே கட்டர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆவி கட்டும் கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது ரிஜிஸ்டருக்குத்தான் பாதுகாப்பு.

புல் வெட்டுவதற்கு என்றே கம்பி வலை முகமூடி வருகிறது. ஹெல்மெட்டோடு சேர்ந்தே இருக்கும், காதடைப்பானும் அதிலேயே இருக்கும். வலை என்பதால் ஆவி கட்டாது, காற்று வரும். ஒரு குறை உண்டு. பொடிக்கல்லும் தூசியும் ஓட்டை வழியே நுழையும். அதனால் உள்ளே பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள சாதாரணக் கண்ணாடி ஒன்றும் போடவேண்டும். பாலிகார்பனேட் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் தர எண் ஐ.எஸ். 5983. சில கம்பெனிப் பொருளில் ஐரோப்பியத் தர எண் ஈ.என். 166 என்று பொறித்திருக்கும், வலை முகமூடிக்கு ஈ.என். 1731. சாலையோரக் கூலிங் கிளாஸ் உடைந்தால் அதன் துண்டே கண்ணுக்குள் போகும்.

இன்னும் முக்கியம், மெஷினின் கீழ்க் கவசம். நைலான் கயிறு நீளமாக விட்டால் சீக்கிரம் வெட்டலாம் என்று பாதிப் பேர் அந்தக் கவசத்தைக் கழட்டி வைத்துவிடுகிறார்கள். கல்லைத் தடுப்பதே அதுதான். பிரஷ் கட்டரைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது என்று மெஷினோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கும். அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டால் யாரிடமும் இருக்காது. அன்றைக்கு உங்கள் இடத்தில் களை எடுத்த பெண்கள் எத்தனை மீட்டரில் இருந்தார்கள்?

மாத்தூர் தோட்டக்காரன்
10 ஜூன், காலை 7:32

நாலைந்து மீட்டர் இருக்கும். கவசம் இருந்தது. பாதி உடைந்து.

ராயபுரம் ரோஜா
10 ஜூன், காலை 8:03

பச்சை ஹெல்மெட் சார் சொல்வதெல்லாம் புத்தகத்துக்கு நல்லா இருக்கு. 15 மீட்டர் அகலமே இல்லாத தோட்டத்தில் நான் 15 மீட்டர் தள்ளி நின்றால் தெருவில்தான் நிற்க வேண்டும் 😄

பச்சை ஹெல்மெட்
10 ஜூன், காலை 8:20

அப்போ ஒரே நேரத்தில் வேலை வேண்டாம். மெஷின் ஓடும் ஒரு மணி நேரம் மற்றவர்கள் வேறு மூலையில் இருக்கட்டும். கல்லைப் பொறுக்கச் சொல்லுங்கள் முதலில். இரும்புப் பல் வாரியால் ஒரு தடவை இழுத்துவிட்டு ஆரம்பித்தாலே பாதிக் கல் வந்துவிடும்.

வெள்ளைக் கோட்டு
10 ஜூன், பகல் 1:10

கண் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டீ கப் வைத்தது ரொம்ப நல்ல காரியம். குத்திய பொருள் உள்ளே இருந்தால் அதைப் பிடுங்கவும் கூடாது, அழுத்தியும் கட்டக்கூடாது. கிழிசல் இருக்கும் கண்ணில் தண்ணீர் அடிக்கவும் கூடாது. பூச்சி மருந்தோ, சுண்ணாம்போ, கள்ளிப்பாலோ தெறித்தால் கதை நேர் எதிர். அப்போது ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் இமையை விரித்துப் பிடித்து 15, 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். திருகுக்கள்ளி வேலி வெட்டுகிறவர்கள் இதை மனசில் வையுங்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. எருக்கும் அப்படித்தான்.

கல் பட்டவர் உடனே வந்துவிடுகிறார், ரத்தம் பயமுறுத்தும். நாங்கள் பயப்படுவது வேறு ஒருவரைப் பார்த்து. இலை கீறியது, வைக்கோல் பட்டது, மண் விழுந்தது என்று ஒரு வாரம் கழித்து வருகிறவர். இலை தழை கீறிய கருவிழியில் பூஞ்சை பிடிக்கும். நம் தமிழ்நாட்டில் விவசாய வேலை, தோட்ட வேலை செய்கிறவர்களுக்குக் கருவிழிப் புண் வர இது பெரிய காரணம். முதல் நாள் லேசாக உறுத்தும், அவ்வளவுதான். மெடிக்கலில் "கண் சிவந்திருக்கு, சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுப்பதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், ஆனால் அடியில் பூஞ்சை வேகமாகப் பரவும். எங்களிடம் வரும்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். மருந்து மாதக்கணக்கில் ஓடும், சிலருக்குக் கருவிழி மாற்றும் வரை போகும்.

தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். கீறல் பட்ட அன்றே காட்டுங்கள்.

கொடுங்கையூர் கட்டர்
10 ஜூன், பகல் 1:48

மேடம், அந்தச் சொட்டு மருந்து என் வீட்டு அலமாரியில் இருக்கு. போன வருஷம் வாங்கியது. இன்றைக்கே தூக்கிப் போடுகிறேன்.

மல்லிகைப் பந்தல்
10 ஜூன், இரவு 8:55

ஆண்கள் எல்லாரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். தோட்ட வேலையில் பாதிக்கு மேல் உட்கார்ந்தபடி களை எடுக்கும் பெண்கள். நான் 6 வருஷம் அந்த வேலை செய்துவிட்டு இப்போது மேற்பார்வை பார்க்கிறேன்.

என்னோடு வருகிறவர்கள் மீஞ்சூர், பொன்னேரி பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறார்கள். காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோவில் கேட்டுக்கு வந்தால் உள்ளே விடுவது 9 மணிக்கு. ஜெனரல் ஷிப்ட்டாம். ஆபீஸ்காரர்களுக்கு ஜெனரல் ஷிப்ட் சரி, அவர்கள் ஏசியில் இருக்கிறார்கள். வெயிலில் செய்யும் வேலையை ஏன் 9 மணிக்கு ஆரம்பிக்கணும்? காலை 6 முதல் 10:30 வரை, பிறகு 3:30க்கு மேல் என்று விட்டால் இதே வேலை நடக்கும். நான் கேட்டேன். "கேட்டில் அந்த நேரத்தில் பாஸ் போட ஆள் இல்லை" என்றார்கள். கத்திரி முழுக்க உச்சி வெயிலில் சிமெண்ட் நடைபாதை ஓரம் கோரை பிடுங்கினோம்.

அடுத்து, தண்ணீர். பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை, கழிப்பறை இல்லாமல். ஆபீஸ் கழிப்பறைக்குள் சேற்றுக் காலோடு விடமாட்டார்கள். அதனால் காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு வாய். நீர்க்கடுப்பு வராத பெண் என் குழுவில் யாரும் இல்லை. மே மாதம் ஒருத்தி மயங்கி விழுந்தாள். உடம்பு கொதிக்குது, வேர்வையே இல்லை, நான் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாள். சோடா கொடுங்கள் என்று ஒருவர் ஓடிவந்தார். எனக்கு நல்ல நேரம், பக்கத்திலேயே செடிக்கு ஊற்றும் ஹோஸ் ஓடிக்கொண்டிருந்தது. புடவையோடு சேர்த்துத் தலையிலிருந்து கால் வரை நனைத்து, அட்டையால் விசிறிக்கொண்டே 108க்குப் போன் பண்ணினோம். நனைத்ததுதான் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். புத்தி தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாதாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.

போன வருஷம் அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்து, இறந்தால் 4 லட்சம் என்று சொன்னார்கள். நல்லது. உயிரோடு இருக்கும்போது ஒரு கழிப்பறைச் சாவி கொடுத்தால் இன்னும் நல்லது.

ராயபுரம் ரோஜா
10 ஜூன், இரவு 9:07

அக்கா 👏

பெரம்பூர் பி பிளாக்
11 ஜூன், காலை 6:50

எதிர்ப்பக்கம் இருந்து ஒருவர் பேச வேண்டும் அல்லவா. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் பொறுப்பில் இருக்கிறேன், 96 வீடு. தோட்டத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் மட்டும் முகமூடி, பூட்ஸ், காப்பீடு என்று தனி வரி போட்டு 4 ஆயிரம் அதிகம் கேட்டார். கூட்டத்தில் அந்த வரியைப் பார்த்த உடனே, "நமக்கு எதுக்கு இது, அவர் ஆளுக்கு அவர் வாங்கட்டும்" என்றார்கள். குறைந்த விலைக்காரருக்குப் போனது. நானும் கை தூக்கினேன். இந்த இழையைப் படித்தபின் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆனால் ஒப்பந்தக்காரர்களும் யோக்கியம் இல்லை. எங்களிடம் 5 ஆள் என்று கணக்குக் காட்டி 3 பேரை அனுப்புகிறார். அந்த 3 பேர்தான் எல்லா வேலையும். மோட்டார் ரிப்பேர், மாடித் தொட்டி கழுவுவது, எஸ்.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் அடைப்பு எடுப்பது வரை. தோட்டக்காரர் நல்ல மனுஷன், எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார்.

பச்சை ஹெல்மெட்
11 ஜூன், காலை 7:05

சார், ஒரு நிமிஷம். எஸ்.டி.பி. தொட்டிக்குள் தோட்டக்காரரை இறக்கினீர்களா?

பெரம்பூர் பி பிளாக்
11 ஜூன், காலை 7:11

முழுசாக இல்லை. செடிக்கு அந்தத் தண்ணீர்தான் போகிறது, மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் துணி சிக்கிக்கொண்டது. இடுப்புவரை இறங்கி எடுத்தார். அஞ்சு நிமிஷ வேலை.

பச்சை ஹெல்மெட்
11 ஜூன், காலை 7:30

அஞ்சு நிமிஷம் தேவையில்லை, இரண்டு மூச்சு போதும். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். லேசாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "நாத்தம் இல்லை, இறங்கலாம்" என்று இறங்குகிறவர் அப்படியே சாய்வார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சாய்வார். செய்தியில் எப்போதும் இரண்டு மூன்று பேராகச் சாவது இதனால்தான்.

பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். சங்கம் என்பதால் தப்பிக்க முடியாது. இனிமேல் மோட்டாரையே சங்கிலியில் மேலே தூக்குகிற மாதிரி மாற்றுங்கள். ஆள் இறங்க வேண்டிய தேவையே வராது.

கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பெரம்பூர் பி பிளாக்
11 ஜூன், காலை 7:44

கோபப்பட்டது சரிதான். சங்கிலி விஷயத்தை இந்த ஞாயிறே கூட்டத்தில் வைக்கிறேன்.

பழைய பம்ப்
11 ஜூன், மாலை 5:20

வயசு 61. முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தடித்தவன். மகன் டைப் பண்ணித் தருகிறான்.

முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் இருக்கிறதே, அதன் மூடி வாஷர் தேய்ந்தால் நடக்க நடக்க முதுகில் வழியும். வேர்வை என்று நினைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க அடித்தேன். சாயங்காலம் வாயில் எச்சில் நிற்கவில்லை, கண் மங்கல், கை நடுக்கம், வயிறு பிசைகிறது. மனைவி என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண்பாப்பா கடுகு மாதிரி இருக்கு என்றாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஊசி மேல் ஊசி. பூச்சி மருந்து வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தோல் வழியாகவே போகிறது. சட்டையை உடனே கழட்டி, சோப்புப் போட்டுக் குளித்திருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது என்றார்கள்.

டப்பாவில் ஒரு சதுரம் குத்தாக நிற்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்துக்கு ஒரு நிறம். சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்குக் கீழே, அப்புறம் நீலம், பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரியும். ஆனால் டப்பாவோடு கொடுத்தால்தானே. மேஸ்திரி கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் பிரித்து ஊற்றி "இதில் ரெண்டு மூடி" என்று கொடுப்பார். அப்படி ஊற்றி வைத்த பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தவர்கள் உண்டு. களைக்கொல்லியில் பாராகுவாட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு முறி மருந்தே கிடையாது. பூச்சி மருந்தையாவது ஊசி போட்டு இழுத்துப் பிடிக்கிறார்கள்.

இப்போது வேப்பெண்ணெய்க் கரைசல்தான் அடிக்கிறேன். மாவுப்பூச்சிக்கு அதுவும் சோப்புத் தண்ணீருமே போதும். அடிக்கும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வரவேண்டும். கையைக் கழுவாமல் பீடி பற்ற வைக்காதே. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் பற்ற வைத்திருக்கிறேன்.

கொடுங்கையூர் கட்டர்
11 ஜூன், மாலை 6:02

பெரியவரே, நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

பழைய பம்ப்
11 ஜூன், மாலை 6:15

அதையும் செய்திருக்கிறேன். தென்னங்குச்சியால் குத்து. இல்லையென்றால் பழைய பல் தேய்க்கும் பிரஷ்.

எல்.சி. வாங்கியாச்சா
11 ஜூன், இரவு 9:30

மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரம் கழிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அலுமினியக் குழாயில் கட்டிய துரட்டியோடு லைனுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மூங்கில் துரட்டிதானே என்று நம்பவும் வேண்டாம், மழையில் நனைந்த மூங்கில் கரண்ட் கடத்தும். கிளை லைன்மேல் சாய்ந்திருந்தால் ஈ.பி. ஆபீசில் சொல்லி லைனை நிறுத்தி, எல்.சி. (லைன் நிறுத்தியாச்சு என்ற அனுமதி) கையில் வந்தபிறகுதான் கத்தியை எடுக்கணும். "எங்க ஏரியாவில் இப்போ கரண்ட் இல்லை" என்று ஏறியவர்களை எனக்குத் தெரியும். யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் போட, அது லைனில் திரும்பி வரும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் முடிந்த வாரம் இந்தப் பக்கம் தெருவெல்லாம் மரம். அப்போது ஒன்று பார்த்தேன். விழுந்த மரத்தின் கிளை தரையில் அழுந்தி வில் மாதிரி வளைந்திருக்கும். வெளிப்பக்கம் வெட்டினால் படார் என்று திரும்பி அடிக்கும். ஒருவருக்குத் தாடை. முருங்கையில் ஏறக்கூடாது என்று பாட்டி சொல்வதைத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியே பச்சையாக இருக்கும் கிளை உள்ளே கூடாக இருக்கும்.

அடுக்ககங்களில் கரண்ட் மெஷினால் புல் வெட்டுகிறவர்கள், வயர் பிளேடில் மாட்டும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் பிளக்கில் மட்டும் சொருகுங்கள்.

எண்ணூர் கழிமுகம்
12 ஜூன், காலை 10:12

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று சொல்கிறேன். மணலி, எண்ணூரில் தோட்ட வேலை இவ்வளவு கிடைப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது நிலத்தில் 33 விழுக்காடு கிரீன் பெல்ட், அதாவது மரம் செடி, வை என்கிறார்கள். அது பெரும்பாலும் மதிலோரம். ஆக, ஆலைக்குள்ளேயே ஆள் நடமாட்டம் குறைவான ஓரத்தில் வேலை பார்ப்பவர் தோட்டக்காரர். சைரன் அடித்தால்? காதுக்குப் பக்கத்தில் பிரஷ் கட்டர் 90 டெசிபலுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு இடத்தில் ஒத்திகைச் சைரன் அடித்து, எல்லாரும் அசெம்பிளி பாயிண்ட்டில் நின்று தலை எண்ணி முடித்து, டீயும் குடித்துவிட்டார்கள். பின்பக்கம் இரண்டு பேர் புல் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் பெயரே இல்லை.

2023 டிசம்பர் 26 ராத்திரி கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து ரோட்டுக்கு ஓடிவந்தது ஞாபகம் இருக்கும். பகலில் நடந்திருந்தால் மதிலோரம் குனிந்திருப்பவர் கதி என்ன? உங்கள் ஆட்களுக்கு முதல் நாளே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் காற்றுப்பையைக் காட்டுங்கள். வாடை வரும் பக்கம் ஓடாமல், காற்று போகும் பக்கமும் ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே ஓடணும். அமோனியா தண்ணீரில் கரையும், துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடணும். கட்டர் ஓட்டுகிறவரின் தோளைத் தட்டி இழுத்துக்கொண்டு போக ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

பச்சை ஹெல்மெட்
12 ஜூன், காலை 10:40

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தலை எண்ணும் பட்டியலில் தோட்ட ஆட்கள் பெயர் இருக்கிறதா என்று இன்று மதியம் பார்க்கிறேன்.

சங்கத்து ஆள்
12 ஜூன், இரவு 7:25

தோட்டக்காரன் அண்ணனிடம் ஒரு கேள்வி. அந்தப் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கா?

மாத்தூர் தோட்டக்காரன்
12 ஜூன், இரவு 7:50

இல்லை. 10 பேருக்குக் கீழே இருந்தால் தேவையில்லை என்று ஆடிட்டர் சொன்னார். செலவை நான்தான் பார்க்கிறேன்.

சங்கத்து ஆள்
12 ஜூன், இரவு 8:30

உங்கள் ஆடிட்டர் பாதிதான் சொல்லியிருக்கிறார். உங்களிடம் 8 பேர் இருக்கலாம். ஆனால் வேலை நடந்தது ஈ.எஸ்.ஐ. பொருந்தும் தொழிற்சாலைக்குள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் பணம் கட்டும் பொறுப்பு ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் முதன்மை முதலாளிக்கு, அதாவது அந்த ஆலைக்கு. கட்டிவிட்டு உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். சம்பளம் மாதம் 21,000 வரை உள்ளவர் எல்லாரும் உள்ளே. தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. இதற்குப் பயந்தா எல்லாரும் ஒளிகிறீர்கள்?

அது இருந்திருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு, வேலைக்கு வர முடியாத நாளெல்லாம் கூலியில் 90 விழுக்காடு வந்திருக்கும். வைத்தியம் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை மூலம் நடந்திருக்கும். பார்வையில் குறை நின்றுவிட்டால் காலத்துக்கும் மாதப் பணம். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடமென்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அதில் ஒரு கண் பார்வை முழுசாகப் போனால் 30 விழுக்காடு ஊனம் என்று அட்டவணையே இருக்கிறது. நீங்கள் நல்ல மனசோடு கையிலிருந்து கொடுப்பது வேறு, அவருக்கு உரிமையாக வர வேண்டியது வேறு.

ஆலையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றினார்களா? இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

ராயபுரம் ரோஜா
12 ஜூன், இரவு 8:41

கேட்டால் அடுத்த மாதம் ஒப்பந்தம் இருக்குமா? அவர் நிலைமையையும் பாருங்கள் தோழர்.

சங்கத்து ஆள்
12 ஜூன், இரவு 8:52

இருக்காமலும் போகலாம். அதை மறைக்கவில்லை. பையனுக்குக் கண் இருக்காமலும் போகலாம்.

புழல் ஏரிக்கரை
13 ஜூன், காலை 6:30

நடுவில் ஒரு சின்ன சந்தேகம். ஏரிக்கரை ஓரத் தோட்டம், இலைக் குவியலை அள்ளும்போது பாம்பு. கடித்தால் மேலே கயிறு கட்டலாமா கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வெள்ளைக் கோட்டு
13 ஜூன், காலை 7:02

கூடாது. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் கழட்டிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு குச்சி வைத்துக் கட்டி, நேராக அரசு மருத்துவமனைக்கு. பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறி மருந்துதான். போன நவம்பரிலிருந்து பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியிருக்கிறார்கள். குவியலைக் கையால் அள்ளாமல் முதலில் மண்வாரியால் கலைத்துவிடுங்கள். முழங்கால் பூட்ஸ். மழைக்காலத்தில் அதே பூட்ஸ் எலிக்காய்ச்சலுக்கும் உதவும், தேங்கின தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்காதீர்கள்.

மாத்தூர் தோட்டக்காரன்
29 ஜூன், இரவு 9:15

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ட் கூலியை நிறுத்திவிட்டேன். மெஷின் ஓட்டுகிறவருக்கு இப்போது நாள் கூலி. முதல் வாரம் வேலை குறைந்தது, உண்மை. இரண்டாவது வாரம் அவ்வளவாகக் குறையவில்லை. காலையில் அரை மணி நேரம் வாரியால் கல் பொறுக்குகிறோம், அந்த மதிலோரம் மட்டும் மூன்று பாண்டு ஜல்லி வந்தது. பாரிமுனையில் வலை முகமூடி மூன்று வாங்கினேன், ஒன்று 1,150. உடைந்த கவசம் 280 ரூபாய்தான். அதை மாற்றாமல் ஏழெட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆலையில் எழுத்தில் கேட்டேன். பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. பற்றி "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்ற இடத்தில் நிற்கிறது. ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது, புதுப்பிப்பார்களா தெரியாது. மல்லிகைப் பந்தல் அக்கா சொன்ன கழிப்பறைச் சாவி மட்டும் கிடைத்துவிட்டது, காவலாளி அறைக்குப் பின்னால் உள்ளது. காலை 7 மணிக்கு கேட் திறக்கவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 6 கேட்டேன்.

பையனை வியாழக்கிழமை மறுபடி கூட்டிப்போனேன். தையல் நன்றாக இருக்கிறதாம். அட்டையில் மேல் இரண்டு வரி படிக்கிறான், போன தடவை விரல்தான் எண்ண முடிந்தது. திரும்பி வரும்போது வண்டியில், "அண்ணா, நான் வந்தா மறுபடி மெஷின் தருவீங்களா, இல்ல செடிக்குத் தண்ணி விடச் சொல்வீங்களா?" என்று கேட்டான். தண்ணீர் விடுகிறவருக்குக் கூலி 250 குறைவு. பதில் சொல்லாமல் மூலக்கடை சிக்னல் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கொடுங்கையூர் கட்டர்
29 ஜூன், இரவு 9:33

மெஷின் கூலியையே கொடுத்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள் அண்ணா, கண் ஆறும் வரைக்கும்.

அந்த வலை முகமூடி பாரிமுனையில் எந்தத் தெரு? எனக்கு ஒன்று வேணும்.

மாத்தூர் தோட்டக்காரன்
29 ஜூன், இரவு 9:50

நீங்கள் சொன்ன மாதிரியே செய்கிறேன்.

தெருவுக்குப் போக வேண்டாம், மூன்றில் ஒன்று சும்மாதான் இருக்கிறது. நாளை காலை ஆறரைக்கு மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருப்பேன்.